பூரணியின் கழுத்துக்கயிறு

வெப்பாலக்கோம்பையில் செத்த மாடுகள் வீடு திரும்பத் தொடங்கியது ஓர் ஆடி மாதத்தில், மலையிலிருந்து இறங்கும் காற்று கூரை ஓடுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த நாட்களில். முதலில் திரும்பியது மாரப்பனின் மயிலைக்காளை. காலையில்தான் அதை நாலு பேர் சேர்ந்து இழுத்துக்கொண்டுபோய் ஊருக்கு மேற்கே, செத்த மாடுகளைப் போடும் பாறையான பாறுக்கல்லில் போட்டிருந்தார்கள், மாரப்பனின் பெண்டாட்டியும் வழக்கப்படி அதன் கழுத்துக்கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்திருந்தாள். பொழுது சாய, மேய்ச்சல் முடிந்த மந்தை பாறுக்கல்லைத் தாண்டி ஊருக்குள் இறங்கியபோது, எல்லா மாட்டுக்கும் கடைசியாக, ஓர் அவசரமும் இல்லாமல் மயிலையும் இறங்கி வந்து, தன் கட்டுத்தரையில் தன் முளைக்குச்சிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது. மாரப்பன் வெளியே வந்து பார்த்தான். உள்ளே போய், "ஏ புள்ள, கயித்த எங்க வெச்ச?" என்று கேட்டான்.

"செத்ததுக்கு என்னத்துக்குக் கயிறு? ஓடியா போயிரும்?" என்றாள் அவள், அடுப்பைவிட்டு எழாமலே.

அந்த வருஷம் அதற்குப் பிறகு செத்த மாடுகள் எல்லாமே திரும்பி வந்தன. அவற்றால் தொந்தரவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அசைபோடவில்லை, சாணி போடவில்லை, தவிட்டுத் தண்ணீர் காட்டினால் மூக்கைக்கூட நனைக்கவில்லை. ஈ உட்காரவில்லை, நாற்றமும் இல்லை. தொட்டால் மண்பானையின் வயிறு போலச் சில்லென்றிருந்தன, அவ்வளவுதான். விடிந்ததும் மந்தையோடு புறப்பட்டுப் பாறுக்கல்வரை போய், ஒவ்வொன்றும் தன்னைக் கொண்டுபோய்ப் போட்ட அதே இடத்தில் ஒருக்களித்துப் படுத்து, கால்களை விறைப்பாக நீட்டிக்கொண்டு, பகலெல்லாம் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. மாலையில் எழுந்து வீட்டுக்கு வந்தன. யாருக்காகக் காத்துக் கிடக்கின்றன என்று அப்போது யாரும் கேட்கவில்லை. ஊருக்கு வேறு வேலை இருந்தது.

ஆனாலும் செய்யவேண்டியதை எல்லாம் செய்து பார்த்தார்கள். ஒன்றைப் புதைத்தார்கள், அது முதுகில் செம்மண்ணோடு வந்து நின்றது, அதைக் குளிப்பாட்டும் வேலைதான் மிச்சம். எரிக்க யாருக்கும் மனசு வரவில்லை. பூசாரி திருநீறு போட்டார், திருநீறோடு வந்தன. கயிறு அவிழ்க்கும்போது பெண்கள் வாய்தவறிப் "போயிட்டு வா" என்று சொல்லிவிடுவதால்தான் வருகின்றன என்று ஒரு பெரிய மனுஷர் கண்டுபிடித்தார். அதன்பிறகு பெண்கள் வாயை இறுக மூடிக்கொண்டு கயிறு அவிழ்த்தார்கள், அப்போதும் வந்தன. கால்நடை டாக்டர் வந்து ஒவ்வொன்றின் நெஞ்சிலும் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நிற்கிற மாட்டைச் செத்தது என்றும் சொல்லமுடியாது, இதை உயிரோடிருப்பது என்றும் சொல்லமுடியாது என்று பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியேறிப் போனார். கார்த்திகைக்குள் ஊருக்குப் பழகிவிட்டது. புழுக்கமான சாயங்காலங்களில் ஆம்பிளைகள் அந்தச் சில்லிட்ட விலாக்களில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பீடி குடித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், "மாடு உசுரோட எத்தன, மத்தது எத்தன?" என்று விசாரிக்கக் கற்றுக்கொண்டார்கள். மாட்டுப் பொங்கலன்று செத்தவற்றின் கொம்புக்கும் வர்ணம் அடிப்பதா என்று ஒரு வாக்குவாதம் நடந்து, பெண்கள் அதைக் காதில் வாங்காமல் எல்லாக் கொம்புக்கும் அடித்துவிட்டார்கள். ஊட்டிய பொங்கல்தான் அவற்றின் உதட்டிலேயே காய்ந்து கிடந்தது. பெண்கள்தான் அதை முந்தானையால் துடைத்துவிட்டார்கள்.

துளசிமணியின் வீட்டில் அப்போது செத்தது எதுவும் இல்லை. அவளும் அவள் புருஷன் நஞ்சப்பனும், இரண்டு வெள்ளாடும், பூரணி என்கிற சினைப்பசுவும்தான் அந்த வீட்டில். பிறந்த அன்றே தாயைப் பாம்புக்குக் கொடுத்துவிட்டுக் கத்திக்கொண்டு கிடந்த கன்றைத் துளசிமணிதான் விரலைப் பாலில் நனைத்து நனைத்துச் சப்பக் கொடுத்து வளர்த்தாள். அதனால் பூரணிக்குத் தான் ஒரு மாடு என்பதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. துளசிமணி குனிந்து கூட்டிக்கொண்டிருந்தால் பின்னால் வந்து அவள் தலைமுடியை நக்கும். வேறு யாரையும் மடியில் கைவைக்க விடாது. "எனக்குப் பொண்டாட்டியா, இல்ல அதுக்கு அம்மாளா, ஒண்ணு முடிவு பண்ணு" என்பான் நஞ்சப்பன், பாதி விளையாட்டாக.

மாசியில் கோயம்புத்தூர்க் கல்லூரியிலிருந்து ஜெசிந்தா என்ற பெண் வந்தாள். பறவைகளைப்பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு போகிறவள். கட்டுத்தரைகளில் சில்லென்று நின்றவற்றை அவளும் பார்த்தாள். மலையடிவார ஊர்களில் எத்தனையோ பார்த்தவள் என்பதால் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. துளசிமணி வீட்டு வாசலில் காப்பித் தம்ளரோடு உட்கார்ந்து, கூடியிருந்தவர்களிடம், "இங்க பாறுக் கழுகு இருந்துச்சா?" என்றாள்.

"இருந்துச்சாவா!" நஞ்சப்பனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எறங்குச்சுன்னா பாறுக்கல்லே தெரியாதுங்க அம்மிணி. காத்தால ஒரு எருமையப் போட்டுட்டு வந்து மேலுக்குத் தண்ணி வாத்துட்டு, சோறு தின்னுட்டுப் போய்ப் பாத்தா, வெள்ள வெளேர்னு எலும்பு கெடக்கும். நாத்தம்ங்கறதே கெடையாது. மொட்டக் கழுத்த நீட்டிக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு சண்ட போடுறதப் பாக்கோணுமே!"

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

நஞ்சப்பன் மாரப்பனைப் பார்த்தான். ஆறு பெருகிப் பாலத்தை அடித்துக்கொண்டுபோன வருஷம் இருந்தது என்றான் மாரப்பன். இல்லை, அதற்கு முன்னாலேயே இல்லை என்றாள் அவன் பெண்டாட்டி. ஒவ்வொருவரும் தன் கல்யாணத்தையும் பிள்ளை பிறந்ததையும் சொல்லிச் சொல்லி நினைவில் பின்னோக்கி நடந்துபோய்ப் பார்த்தார்கள். கூட்டம் கூட்டமாக இருந்தது எல்லோருக்கும் நினைவிருந்தது, இல்லாமல் போனதும் தெரிந்தது. நடுவில் கடைசி ஒன்று வானத்தில் சுற்றிவிட்டுப் போன நாள் மட்டும் யாரிடமும் இல்லை. ஊரில் ஒரு கிழவி செத்தால் நாள், நட்சத்திரம் சொல்வார்கள். வானத்தையே மறைத்துக்கொண்டிருந்த ஒரு கூட்டம் போனதை அண்ணாந்து பார்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்கு உறைத்தது, வெட்கமாக இருந்தது.

"நாங்க வெரட்டலீங்களே அம்மிணி," என்றாள் துளசிமணி. "ஒரு கல்லெடுத்து எறிஞ்சதில்லீங்களே. அப்புறம் ஏன் போச்சு?"

"மாட்டுக்கு வலிக்குன்னு ஒரு ஊசி போடுவீங்கல்ல, அக்கா, மனுஷங்களுக்குப் போடுற அதே ஊசி. அதப் போட்ட ரெண்டு மூணு நாளுக்குள்ள மாடு செத்து, அதை இதுங்க தின்னா சிறுநீரகம் போயிடும். தலை தொங்கிப்போய்க் கிளையிலயே உக்காந்திருக்கும், அப்புறம் விழுந்துடும். ஒரு மாட்ட ஒரு கூட்டமே தின்னும், இல்லையா? ஒரு ஊசிக்கு ஒரு கூட்டம்." அவள் அதைக் குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. "இதுங்களுக்குக் கெடுதல் பண்ணாத வேற ஊசி இருக்கு. மாட்டாஸ்பத்திரியில முன்கூட்டியே சொல்லி வாங்கி வச்சுக்கோங்க."

 எல்லோரும் தத்தம் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊசியைப் போடாத வீடு அந்த ஊரில் இல்லை. நுகத்தடி அழுத்திய தோளுக்கும், வண்டி இழுத்து வீங்கிய முட்டிக்கும், கிழடு தட்டிய இடுப்புக்கும், ஐயோ பாவம், வாயில்லாத ஜீவன் என்று சொல்லித்தான் போட்டார்கள். பாசத்தினால் செய்த காரியம் அது, அதனால்தான் யாருக்கும் கோபப்பட ஆள் கிடைக்கவில்லை. அன்று மாலை செத்த மாடுகள் இறங்கி வந்தபோது, பகலெல்லாம் அவை வானத்தில் யாரைத் தேடிக் கிடக்கின்றன என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. நல்ல ஊசிக்கு நாளைக்கே ஆஸ்பத்திரியில் சொல்லிவைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள், பேசிக்கொண்டதோடு சரி.

பங்குனியில் பூரணி கன்று போட்டது. செவலைக் கிடாரி, துளசிமணி அதற்குச் சிட்டு என்று பெயர் வைத்தாள். கன்று பெரிய கன்று. அதைத் தள்ளியதில் பூரணிக்கு இடுப்பு விட்டுப்போய், அதன்பிறகு எழுந்திருக்கவே இல்லை. டாக்டர் வந்து பார்த்து, இனிமேல் எழாது, கொஞ்ச நாள்தான் என்றார். படுத்தபடியே கன்றுக்குப் பால் கொடுத்தது. பகலெல்லாம் முனகியது, துளசிமணி தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டால் முனகலை நிறுத்திவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவளையே பார்த்தது. அதுதான் அவளால் தாங்கமுடியவில்லை. ஜெசிந்தா சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் அந்தப் பறவைதான் இல்லையே, இல்லாத பறவைக்கு எந்தக் கெடுதல் வந்துவிடப்போகிறது, இருக்கிற இது மட்டும் ஏன் துடிக்கவேண்டும் என்று அவள் தனக்குள் நியாயம் பேசினாள். பேசிவிட்டு, கீழேயுள்ள ஊரின் மருந்துக்கடைக்குப் போய், தன் முழங்கால் வலிக்கென்று சொல்லி வாங்கிவந்து, நஞ்சப்பன் இல்லாத நேரம் பார்த்துத் தானே போட்டாள். பூரணி பல்கடியை விட்டது. காதை ஆட்டியது, சிட்டுவை நக்கியது. மறுநாளும் போட்டாள், அதற்கு மறுநாளும் போட்டாள். வலியே இல்லாமல், அவள் மடியில் தலையை வைத்தபடி, பூரணி செத்துப்போனது.

பாறுக்கல்லில் அவள்தான் கயிற்றை அவிழ்த்தாள். சாயங்காலம் பூரணி, மற்றவற்றோடு, தன் காலில் நடந்து வீட்டுக்கு வந்தது. இடுப்பு சரியாகியிருந்தது. துளசிமணிக்கு அதைப் பார்த்துச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதைச் சொல்ல வெட்கப்படவேண்டியதில்லை.

ஆனால் சிட்டு ஓடிப்போய் முட்டி முட்டி மடியைச் சப்பியது. கல்லைச் சப்புவதும் அதுவும் ஒன்றுதான். ஒரு சொட்டு வரவில்லை. பூரணி காலை விலக்கி இடம் கொடுத்து நின்றதே தவிர, திரும்பி ஒருதரம் நக்கவில்லை. செத்தவை எதையும் திரும்பிப் பார்ப்பதில்லை. பகலில் பூரணி பாறுக்கல்லுக்குப் போனபிறகு, துளசிமணி வெள்ளாட்டுப் பாலைப் புட்டியில் ஊற்றிக் கெஞ்சிக் கூத்தாடிக் கொஞ்சம் புகட்டுவாள். பூரணி வாசலில் தெரிந்துவிட்டால் சிட்டு புட்டியைத் தட்டிவிட்டு அந்த வெற்று மடிக்கு ஓடிவிடும். நஞ்சப்பனின் தங்கை ஊருக்குக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். அங்கே புட்டியையே தொடாமல் இந்தத் திசையைப் பார்த்துப் படுத்துவிட்டது என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். பூரணியை வேறு கட்டுத்தரைக்கு ஓட்டிப் பார்த்தார்கள். செத்த மாடு தன் முளைக்குச்சியைத் தவிர வேறெங்கும் நிற்காது. பகல் பாலில்தான் சிட்டுவின் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தப் பாறு ஒரே ஒருக்கா வந்துச்சுன்னா போதும்," என்றான் நஞ்சப்பன், கன்றின் விலாவைத் தடவிக்கொண்டே. "இவ போயிருவா. கன்னு பொழச்சுக்கும்."

சித்திரைக் கடைசியில் வந்தன. ஒரு முற்பகலில், ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு அந்தப்பக்கமிருந்து, முதலில் ஒரு புள்ளி, அப்புறம் இன்னும் சில. சிறகை அசைக்காமல் சுற்றிச் சுற்றி வந்து, பாறுக்கல்லுக்கு மேலே இருந்த பட்ட மரத்தில் இறங்கி உட்கார்ந்தன. பெரிய கூட்டமில்லை, ஒரு கை விரலில் அடங்கிவிடும். ஊரே வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தது. சின்னப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். மாரப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாமி வந்ததுபோல் தரையில் விழுந்து கும்பிட்டான். "போ மயில, போ," என்று அவன் பெண்டாட்டி அழுதாள். கல்லில் கிடந்தவற்றில் ஒன்றுகூட அசையவில்லை, ஆனால் அவற்றின் முகத்தில் ஏதோ தளர்ந்ததுபோல் எல்லோருக்கும் தெரிந்தது.

துளசிமணி ஓடிக்கொண்டிருந்தாள். கும்பிட ஓடுகிறாள் என்றுதான் நினைத்தார்கள். அவள் கூட்டத்தைத் தாண்டிப்போய்ப் பாறுக்கல்லில் ஏறி, பூரணியின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, மரத்தைப் பார்த்து ஒரு கையால் சூ, சூ என்று விரட்டினாள்.

"ஏ புள்ள, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது?" நஞ்சப்பன் கத்திக்கொண்டே பின்னால் ஓடினான்.

"இவளுக்கு ஊசி போட்டிருக்குதுங்க," என்றாள் துளசிமணி. "நாந்தான் போட்டேன்."

"எப்பப் போட்ட?"

"அந்த அம்மிணி வந்து சொல்லிட்டுப் போனதுக்கு அப்புறம். தெரிஞ்சேதான் போட்டேன்."

யாராவது ஒருவர் அவளைத் திட்டியிருக்கலாம், அவளுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை. மற்றவை எப்படிச் செத்தன, சாகும் முன் எதைப் போட்டோம் என்று ஒவ்வொருவரும் நெஞ்சில் கைவைத்து யோசித்தார்கள். மயிலை இடிவிழுந்து செத்தது, இன்னொன்று மூப்பில் தூக்கத்திலேயே போனது, ஒன்று கிணற்றில் விழுந்தது. சொல்லியனுப்பியதும் வந்த டாக்டர் ஒருவரை விடாமல் விசாரித்துவிட்டு, பூரணியைத் தவிர மற்றதெல்லாம் பழுதில்லை என்றார். அன்று பொழுதுசாயும்வரை துளசிமணி அங்கிருந்து அசையவில்லை, பறவைகளும் மரத்திலிருந்து இறங்கவில்லை. கல்லில் ஒரு மனுஷத் தலை தெரிந்தால் பாறு இறங்காது.

"துளசியக்கா," என்றாள் மாரப்பன் பெண்டாட்டி, மெதுவாக, "நீங்க நிக்கிற வரைக்கும் எதுவுமே போகாதுங்க."

துளசிமணி வீட்டுக்கு வந்து, கட்டுத்தரை விட்டத்தில் மாட்டியிருந்த கழுத்துக்கயிற்றை எடுத்தாள். செத்த மாட்டுக்கு யாரும் கயிறு போட்டதில்லை. போட்டால் நிற்குமோ, அறுத்துக்கொண்டு போகுமோ என்பதுகூட யாருக்கும் தெரியாது. பூரணி வந்து நின்றதும், சில்லிட்ட கழுத்தில் கயிற்றைச் சுற்றி, முளைக்குச்சியில் முடிச்சுப் போட்டாள். பூரணி தலையைத் தாழ்த்திக் கொடுத்தது, கன்றாக இருந்தபோது கொடுத்த மாதிரியே.

நஞ்சப்பனுக்குப் புரிந்துவிட்டது. "பகல்லயும் இவ இங்கயே நின்னா, அந்தக் கன்னு புட்டிய மோந்துகூடப் பாக்காது," என்றான். "துளசி, உசுரோட ஒண்ணு நம்ம ஊட்டுல நிக்குது. அதப் பாப்பியா, எங்கயோ கெடக்குற பட்சியப் பாப்பியா?"

"எங்கயோ கெடக்கலீங்க. வந்திருச்சுங்க."

"உனக்கு ஈரமே இல்லியா?"

 ஈரம் இருந்ததால்தானே இவ்வளவும் வந்தது என்று நினைத்துக்கொண்டே அவள் முடிச்சை இன்னொருதரம் இறுக்கினாள். அன்றிலிருந்து நஞ்சப்பன் அவளோடு பேசவில்லை.

மறுநாள் பறவைகள் இறங்கின. தூரத்திலிருந்தே அந்தச் சண்டையும் சிறகடிப்பும் கேட்டது. மாலையில் மந்தை வந்தபோது அதன் பின்னால் மயிலை வரவில்லை. சில நாளில் எல்லா வீட்டுக் கட்டுத்தரையும் காலியானது. பாறுக்கல்லில் எலும்பு வெளுத்துக் கிடந்தது, மாரப்பனின் பெண்டாட்டி மயிலையின் கொம்பை மட்டும் எடுத்துவந்து வாசலில் மாட்டினாள். ஊர் முழுக்க நல்லது நடந்துமுடிந்த வீட்டின் களைப்பு இருந்தது. துளசிமணி வீட்டில் மட்டும் பூரணி கயிற்றோடு நின்றது, பகலும் நின்றது, அதன் அடியில் சிட்டு நின்றது.

பட்டினியில் கன்று மண்ணைத் தின்றது. வயிறு உப்பி, கீழே விழுந்து, காலை உதைத்துக்கொண்டு அலறத் தொடங்கியபோது உச்சிவெயில். நஞ்சப்பன் வாய் பேசாமலே பஸ் ஏறிப் போனான். ஆஸ்பத்திரியில் டாக்டர் வேறு ஊர் முகாமுக்குப் போயிருந்தார். அந்த நல்ல ஊசியை யாரும் சொல்லிவைக்காததால் அது அங்கே இல்லை. மருந்துக்கடையில் இருந்ததை வாங்கிக்கொண்டு வந்தான். அதே சின்னக் கண்ணாடிப் புட்டி. வந்து, கையில் ஊசியோடு, வாசலில் நின்றான்.

"பொழைக்காது, துளசி. எனக்குந் தெரியும்," என்றான். பல நாளுக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. "போறதாச்சும் நோவு இல்லாம போகட்டும். நகரு, நான் போடுறேன். பாவம் என்னோட போகட்டும்."

சிட்டு அலறியது. துளசிமணி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அது அவளையே பார்த்தது, தாய் பார்த்த அதே பார்வை. தலையை அசைத்தால் போதும். அந்த அலறலை நிறுத்த முடியும் என்று தெரிந்தும் நிறுத்தாமல் இருப்பது எப்படிப்பட்டது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"வேண்டாமுங்க," என்றாள். "இதாச்சும் போய்ச் சேரட்டும்."

நஞ்சப்பன் புட்டியைக் கல்லில் அடித்து உடைத்தான். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உதைத்துக்கொண்டிருந்த கால்களைத் தன் கையில் பிடித்துக்கொண்டான். அடங்க வெகுநேரம் ஆயிற்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டார்கள். பூரணி அத்தனை நேரமும் கயிற்றோடு நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது.

மறுநாள் காலையில் நஞ்சப்பன் கன்றைத் தோளில் தூக்கிப் பாறுக்கல்லுக்குக் கொண்டுபோனான். துளசிமணி அதன் கழுத்திலிருந்த சின்னக் கயிற்றை அவிழ்த்தாள். திரும்பிப் பார்க்காமல் வந்தார்கள். வீட்டை எட்டும் முன்பே சிறகுச் சத்தம் கேட்டது.

அன்று மாலை அவள் வாசலில் நின்றாள். வரக்கூடாது என்றுதான் நின்றாள். வந்துவிட்டால் பூரணிக்கு ஒரு துணையாச்சே என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் நினைத்ததையும் மறைக்க வேண்டியதில்லை. மந்தை இறங்கியது. எல்லா மாடும் கடந்துபோய், புழுதி அடங்கி, பாதை வெறுமையாகி, பாறுக்கல்லின் மேலே வயிறு நிறைந்த பறவைகள் ஒவ்வொன்றாக எழும்பி ஆற்றுப் பக்கம் திரும்பின. சிட்டு வரவில்லை. அவற்றோடு அது போய்விட்டது.

அவள் கட்டுத்தரைக்குத் திரும்பினாள். பூரணி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கயிறு கழுத்தை அறுக்குமளவு இழுபட்டிருக்க, தலையைத் திருப்பி, கன்று வரவேண்டிய பாதையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வரமாட்டாடி," என்றாள் துளசிமணி. "அவ போய்ச் சேந்துட்டா. நீயும் நானுந்தான் இனி."

சொல்லிவிட்டு, சிட்டு படுக்கும் இடத்தில், அந்த வெற்று மடிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். பூரணி குனிந்து, ஈரமே இல்லாத நாக்கால், அவள் தலையை நக்கத் தொடங்கியது.